விருப்பம் இல்லை என்று யார் சொன்னது? சியர்ஸ் வழக்கின் பின்னணி

உங்கள் குரல் கட்டைக் குரலா? அடிக்கடி கெட்ட வார்த்தை பேசுவீர்களா? வேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? மல்யுத்தத்தில் இறங்கியதுண்டா? கால்பந்து அணியில் ஆடியதுண்டா?

துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் வேலைக்கு ஆள் எடுப்பதற்காக அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வைத்திருந்த தேர்வில் இருந்த கேள்விகள் இவை. நிறுவனத்தின் பெயர் சியர்ஸ் ரோபக். 1970களில் அந்த நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம் அதுதான். சிகாகோவில் அது எழுப்பிய கோபுரம் அப்போது உலகிலேயே உயரமான கட்டடம். விண்ணப்பதாரரின் ‘துடிப்பை’ அளக்கும் மனோபாவத் தேர்வில் மேற்சொன்ன கேள்விகள் இடம்பெற்றிருந்தன. நல்ல விற்பனையாளர் எப்படிப்பட்டவர் என்று நிறுவனத்தின் கையேடு விவரித்தது: அவர் தனி ரகம், கடையின் மற்ற ஊழியர்களைவிடக் கூர்மையான அறிவும் வலுவான ஆளுமையும் உடையவர், உடல் துடிப்பு மிகுந்தவர். இந்த வர்ணனையைப் படிக்கும்போது ஓர் ஆணின் உருவம்தான் மனதில் எழுகிறது. எழுதியவர்களுக்கும் அப்படித்தான் எழுந்திருக்க வேண்டும்.

இந்த நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1979இல் பாலினப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. 1986இல் தோற்றது. 1988இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. தோற்ற வழக்கைப் பற்றி இவ்வளவு காலம் கழித்து ஏன் எழுத வேண்டும்? ‘பெண்களுக்கு அந்த வேலையில் விருப்பம் இல்லை’ என்ற ஒரே வாதம் அந்த நீதிமன்றத்தில் செல்லுபடியானது என்பதற்காக. அந்த வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்காக. விருப்பம் என்பது பெண் வீட்டிலிருந்து கைப்பையில் எடுத்து வரும் பொருள் அல்ல. கடை எந்த வேலையை யாருக்குக் காட்டுகிறது, எப்படிக் காட்டுகிறது என்பதில்தான் அது பாதி உருவாகிறது. அந்த நீதிமன்றம் இதைக் காணத் தவறியது என்பதே என் முடிவு.

முதலில் ஆணையத்தின் கதை. 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, வேலையில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. ‘பாலினம்’ என்ற சொல் மசோதாவில் முதலில் இல்லை. 1964 பிப்ரவரி 8 அன்று அதைச் சேர்க்கும் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், சிவில் உரிமைச் சட்டத்தையே எதிர்த்தவர். அவர் பேசப் பேசச் சபையில் சிரிப்பு. அப்போது மிச்சிகனைச் சேர்ந்த மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்தார். பெண்கள் இரண்டாந்தரக் குடிமக்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமென்றால் இந்தச் சிரிப்பே போதும் என்றார். சிரிப்பு அடங்கியது. 168க்கு 133 என்ற வாக்குகளில் திருத்தம் நிறைவேறியது.

அடுத்த ஆண்டு ஜூலையில் கதவு திறந்த ஆணையமே அந்தச் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. அதன் நிர்வாக இயக்குநர் ஹெர்மன் எடல்ஸ்பெர்க், பாலினப் பிரிவு ஏதோ தற்செயலாக வந்து சேர்ந்தது, முறைதவறிப் பிறந்தது என்று வெளிப்படையாகவே பேசினார். முதல் ஆண்டில் வந்த புகார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெண்கள் பாலினப் பாகுபாடு பற்றிக் கொடுத்தவை. செய்தித்தாள்களில் ‘ஆண்கள் தேவை’, ‘பெண்கள் தேவை’ என்று தனித்தனிப் பத்திகளில் விளம்பரம் போடுவதைக்கூட ஆணையம் தொடக்கத்தில் அனுமதித்தது. அந்தக் கோபத்தில்தான் 1966இல் தேசியப் பெண்கள் அமைப்பு பிறந்தது. விளம்பர விதியை ஆணையம் மாற்றிக்கொள்ள 1968 ஆயிற்று.

ஆணையத்துக்குப் பல்லும் இல்லை. புகாரை விசாரிக்கலாம், இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசலாம், அவ்வளவுதான். நீதிமன்றத்துக்குப் போகும் அதிகாரம் 1972இல் வந்த திருத்தச் சட்டத்தால்தான் கிடைத்தது. அப்போதும் வரிசை மாறவில்லை: முதலில் புகார், பிறகு விசாரணை, பாகுபாடு நடந்ததாக நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்ற முடிவு, பிறகு சமரசப் பேச்சு, அது முறிந்தால் மட்டுமே வழக்கு. பாதிக்கப்பட்டவர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆணையத்தின் உறுப்பினர் ஒருவரே ஒரு நிறுவனத்தின் மீது புகார் பதியலாம். சியர்ஸ் வழக்கு அப்படித் தொடங்கியதுதான். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1973 ஜனவரியில் ஆணையத்துக்கு ஒரு பெரிய வெற்றி கிடைத்திருந்தது. தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி தொலைதூர அழைப்புக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டபோது, இத்தனை பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்குக் கட்டண உயர்வு எதற்கு என்று ஆணையம் குறுக்கே நின்றது. கடைசியில் 13,000 பெண்களுக்கும் 2,000 சிறுபான்மை ஆண்களுக்கும் சேர்த்து 1.5 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஊதிய உயர்வுகள் தனி. அந்த வேகத்தில் அதே ஆண்டு நான்கு பெருநிறுவனங்கள் மீது உறுப்பினர் புகார் பதிவாயிற்று: ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஜெனரல் எலெக்ட்ரிக், சியர்ஸ். ஜெனரல் எலெக்ட்ரிக் 1978இலும், ஃபோர்டு 1980இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1983இலும் சமரசத்துக்கு வந்தன. சியர்ஸ் மட்டும் சண்டைக்கு நின்றது. 1979 ஜனவரியில் அது முந்திக்கொண்டு பத்து அரசு நிறுவனங்கள் மீது தானே வழக்குப் போட்டது. போர்வீரர்களுக்குச் சலுகை, கல்வி உதவி என்று வெள்ளையின ஆண்களைத் தூக்கிவிட்டது அரசின் கொள்கைகளே, இப்போது எங்களைக் குற்றம் சொல்வதா என்பது அதன் வாதம். அந்த வழக்கு தள்ளுபடியானது. அக்டோபரில் ஆணையம் தன் வழக்குகளைத் தொடுத்தது. இனப் பாகுபாடு பற்றிய நான்கு வழக்குகள் 1981இல் சமரசத்தில் முடிந்தன. பெண்கள் பற்றிய ஒன்று மட்டும் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் மிஞ்சியது.

அதன் மையம் கமிஷன் விற்பனை. ஒரே கூரைக்குக் கீழே சியர்ஸ் கடையில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒரு பக்கம் உடைகள், துண்டுகள், பொம்மைகள், அழகுசாதனங்கள். அங்கே மணிக்கணக்கில் கூலி. இன்னொரு பக்கம் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, வீட்டுக் கணப்பு, கூரை, வேலி, டயர். அங்கே விற்ற தொகையில் கமிஷன். கமிஷன்காரர் முதல் ஆண்டிலேயே மற்றவரைப் போலக் கிட்டத்தட்ட இருமடங்கு சம்பாதித்தார். 1973 முதல் 1980 வரை முழுநேர விற்பனை வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் 61 சதவீதம் பெண்கள். முழுநேரக் கமிஷன் வேலைக்குப் புதிதாக எடுக்கப்பட்டவர்களில் பெண்கள் 27 சதவீதம். கமிஷன் இல்லாத விற்பனையிலோ நான்கில் மூன்று பேர் பெண்கள்.

இந்த இடைவெளிதான் வழக்கு. வயது, படிப்பு, முன் அனுபவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் பெண்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, இது தற்செயலாக நடக்க வழியில்லை என்று ஆணையத்தின் புள்ளியியல் வல்லுநர் சாட்சி சொன்னார். சியர்ஸ் அந்தக் கணக்கின் அடியில் கிடந்த ஒரு கல்லை உருவியது. விண்ணப்பித்த ஆணும் பெண்ணும் கமிஷன் வேலையைச் சமமாக விரும்பினார்கள் என்று அல்லவா கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது. விண்ணப்பத் தாளில் ‘விற்பனை’ என்று குறிக்கலாம். எந்த விற்பனை என்று தாள் பிரித்துக் கேட்கவில்லை. ஆகவே அந்த 61 சதவீதத்தில் எத்தனை பேர் கமிஷன் கேட்டு வந்தவர்கள் என்பது யாருக்கும் தெரியாது. தாளை அச்சடித்தது சியர்ஸ். அந்தத் தாளில் இருந்த ஓட்டையின் பலன் போய்ச் சேர்ந்ததும் சியர்ஸுக்கே.

மேலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டேறினார்கள். பெண்களைக் கமிஷன் வேலைக்கு வரச் சொல்லி வற்புறுத்தினோம், அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்றார்கள். போட்டி பிடிக்கவில்லை, வருமானம் நிச்சயமில்லை என்ற பயம், வீடு வீடாகப் போய் விற்கத் தயக்கம், டயரும் வேலியும் அவர்களுக்குப் புரியாத சங்கதி. சியர்ஸ் ஒன்றுமே செய்யாத நிறுவனம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களும் சிறுபான்மையினரும் குறைவாக உள்ள பணிகளில் இரண்டுக்கு ஓர் இடத்தை அவர்களுக்குத் தருவது என்ற திட்டத்தை அது 1974இலேயே கொண்டுவந்திருந்தது. அதன் வழக்கறிஞர் சார்லஸ் மார்கன், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் இனவெறிக்கு எதிராகப் பேசியதால் ஊரைவிட்டே போக நேர்ந்தவர். ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்ற கொள்கையை உச்ச நீதிமன்றத்தில் நிலைநாட்டிய வழக்கில் வாதாடியவர். அப்படிப்பட்டவர் எதிர்த்தரப்பில் நின்றது ஆணையத்துக்குப் பெரும் இடி.

அதைவிடப் பெரிய இடி சாட்சிக் கூண்டில் இறங்கியது. பர்னார்ட் கல்லூரியின் பெண்கள் வரலாற்று ஆய்வாளர் ரோசலிண்ட் ரோசன்பர்க் சியர்ஸ் தரப்பில் சாட்சி சொல்ல வந்தார். வேலையைப் பற்றி ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரலாற்று நெடுகிலும் வேறு வேறு ஆர்வங்களும் நோக்கங்களும் இருந்துள்ளன, வீடும் பிள்ளைகளும் பெண்ணின் தேர்வை வடிவமைக்கின்றன, ஆகவே எண்ணிக்கையில் வேறுபாடு இருப்பதாலேயே பாகுபாடு என்று முடிவுகட்ட முடியாது என்பது அவர் சாட்சியம். ஆணையத்தின் தரப்பில் வந்தவர் ஆலிஸ் கெஸ்லர்-ஹாரிஸ், பெண் தொழிலாளர் வரலாற்றை எழுதியவர். பெண்களின் விருப்பம் என்று நாம் காண்பது அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட வாய்ப்புகளின் நிழல், வாய்ப்பு திறந்தபோதெல்லாம் பெண்கள் அதை எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்றார். அவருடைய நூல்களிலிருந்தே வரிகளை எடுத்து அவருக்கு எதிராக வைத்தார்கள். ஆய்வு நூலில் ‘பெரும்பாலும்’, ‘சில சமயம்’ என்றெல்லாம் தயங்கித் தயங்கி எழுதும் மனம், ஆம் அல்லது இல்லை என்று பதில் கேட்கும் குறுக்கு விசாரணையில் அகப்பட்டு நசுங்கியது. 1985 டிசம்பரில் அமெரிக்க வரலாற்றாய்வாளர்களின் மாநாட்டில் பெண் ஆய்வாளர்கள் கூடி, சமத்துவத்துக்காகப் போராடும் பெண்களுக்கு எதிராகத் தங்கள் ஆய்வு பயன்பட விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தங்களுக்கு உண்டு என்று தீர்மானம் போட்டார்கள். ரோசன்பர்க்கின் சாட்சியத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அறிஞர் ஒருவர் நேர்மையாக நம்புவதைச் சொல்லக் கூடாது என்ற அந்தத் தீர்மானமும் எனக்கு உவப்பாக இல்லை. அவருக்குச் சரியான பதில், ‘நீங்கள் சொல்வது பெண்களைப் பற்றிய பொதுச் சித்திரம், இந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்து நின்ற பெண்ணைப் பற்றி அது என்ன சொல்கிறது?’ என்பதுதான்.

விசாரணை 1984 செப்டம்பரில் தொடங்கிப் பத்து மாதம் நடந்தது. 1986 ஜனவரி 31 அன்று நீதிபதி ஜான் நார்ட்பெர்க் சியர்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ரோசன்பர்க்கை விஷயம் தெரிந்த, நியாயமான சாட்சி என்றார். கெஸ்லர்-ஹாரிஸ் பெரும்பான்மைப் பெண்களை விட்டுவிட்டு, விதிவிலக்கான சிறு குழுக்களைப் பற்றியே பேசினார் என்றார். ஆணையத்தின் மீதும் அவர் கடுமையாக இருந்தார். வழக்கைத் தயாரித்த வழக்கறிஞர் ஒருவருக்குத் தேசியப் பெண்கள் அமைப்போடு தொடர்பு இருந்ததை அவர் ரசிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் சுட்டிக்காட்டியது ஒரு வெற்றிடத்தை. எட்டு ஆண்டுகள், 900க்கு மேற்பட்ட கடைகள், நாடு முழுவதும் பரவிய குற்றச்சாட்டு. எனக்கு அநியாயம் நடந்தது என்று நம்பத்தகுந்தபடி சொல்ல ஒரே ஒரு பெண்ணைக்கூட ஆணையத்தால் கொண்டுவர முடியவில்லையா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு உச்ச நீதிமன்றம் ஒரு லாரி நிறுவன வழக்கில் புள்ளிவிவரத்தின் வலிமையை ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் நெடுந்தூர ஓட்டுநர்கள் 1,828 பேரில் கறுப்பினத்தவர் 8 பேர். ஆனால் அங்கே அரசு எண்ணிக்கையோடு நிற்கவில்லை; நாற்பதுக்கு மேற்பட்ட தனிப்பட்ட சம்பவங்களை அடுக்கியது. குளிர்ந்த எண்களுக்கு அந்தச் சாட்சிகள் உயிர் கொடுத்தார்கள் என்று நீதிமன்றமே எழுதியது. சியர்ஸ் வழக்கை நடத்தியவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். இத்தகைய வழக்கு இரண்டு கட்டமாக நடக்கும்: முதலில் பாகுபாடு நிறுவனத்தின் வழக்கமா என்ற கேள்வி, அது நிரூபணமான பிறகே யார் யாருக்கு எவ்வளவு இழப்பு என்ற கேள்வி. பெண்களை இரண்டாம் கட்டத்தில் அழைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இரண்டாம் கட்டம் வரவே இல்லை. புகாரைக் கொடுத்ததே ஆணையத்தின் உறுப்பினர் என்பதால், கடைத்தளத்தில் நின்ற பெண் ஒருத்தியின் முகம் தொடக்கத்திலிருந்தே கோப்பில் இல்லை. போதாக்குறைக்கு, விசாரணை நடந்த ஆண்டுகளில் ஆணையத்துக்குத் தலைமை வகித்த கிளாரன்ஸ் தாமஸ், புள்ளிவிவரத்தை நம்பி நடத்தும் இத்தகைய வழக்குகளில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளியிலேயே சொன்னார். வழக்குப் போட்ட அலுவலகத்தின் தலைவரே அப்படிப் பேசினால் எதிர்த்தரப்புக்கு வேறு என்ன வேண்டும்?

ஆணையம் தவறியது உண்மை. ஆனாலும் நீதிபதியின் கேள்வியில் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. வேலைக்கு எடுப்பதில் நடக்கும் பாகுபாடு பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. ஒரு பெண் ‘விற்பனை’ என்று குறித்துத் தாளைக் கொடுக்கிறாள். மேலாளர் புன்னகையோடு துண்டுப் பிரிவில் இடம் தருகிறார். அவள் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போகிறாள். அவளிடம் யாரும் கதவைச் சாத்தவில்லை. இன்னொரு கதவு இருந்ததையே காட்டவில்லை. அவள் எதைச் சொல்லிக் கூண்டேறுவாள்? மேலே சொன்ன லாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று வாசலில் பலகை மாட்டினால், பலகையை மீறி உள்ளே நுழைந்து துரத்தப்பட்ட சிலர் மட்டுமே பாதிக்கப்பட்டவர்கள் ஆக மாட்டார்கள் என்றது அந்தத் தீர்ப்பு. பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களுக்கும் நியாயம் கேட்க உரிமை உண்டு. மல்யுத்தம் தெரியுமா என்று கேட்கும் தேர்வும் ஒரு பலகைதான்.

1988 ஜனவரியில் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. நீதிபதி ரிச்சர்ட் கடஹி மட்டும் வேலைக்கு எடுத்தது குறித்த பகுதியில் உடன்படவில்லை. பெண்கள் ஆண்களைவிடப் பண ஆசையும் துணிச்சலும் குறைந்தவர்கள் என்ற வார்ப்புச் சித்திரத்தை ஒழிக்கத்தான் இந்தச் சட்டமே வந்தது. அந்தச் சித்திரத்தையே ஆதாரமாக ஏற்பதா என்று அவர் எழுதினார்.

1990இல் சட்ட ஆய்வாளர் விக்கி ஷுல்ட்ஸ் இத்தகைய வழக்குகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அந்த வேலையில் ஆர்வம் இல்லை என்று 1960களின் இறுதியிலும் 70களிலும் நிறுவனங்கள் சொன்னபோது நீதிமன்றங்கள் நம்பவில்லை. ஆர்வம் இல்லாமல் போனது உங்கள் செயலால்தான் என்று திருப்பிக் கேட்டன. பெண்கள் என்று வந்தபோது அதே வாதத்தைப் பல நீதிமன்றங்கள் இயற்கையின் உண்மை போல ஏற்றுக்கொண்டன.

ஆணையத்தின் கையில் இன்றும் இருக்கும் ஒரு பலத்தைக் குறிப்பிட வேண்டும். வால்மார்ட் மீது சுமார் 15 லட்சம் பெண்கள் சார்பில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கை, இவர்கள் எல்லாருக்கும் பொதுவான கேள்வி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் 5க்கு 4 என்ற கணக்கில் கலைத்தது. தனியார் கூட்டு வழக்குக்கான அந்த நிபந்தனைகள் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது என்று 1980இலேயே அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெரிய நிறுவனத்தின் மீது பல பெண்களுக்காக ஒரே வழக்கைத் தொடுக்க அரசு ஆணையத்துக்கு இருக்கும் வழி தனிமனிதருக்கு இல்லை. அதனால்தான் அது எப்படி வழக்கு நடத்துகிறது என்பது இத்தனை முக்கியமாகிறது.

சிகாகோ இருக்கும் அதே இல்லினாய் மாநிலத்தில், நார்மல் என்ற ஊரில் இருந்த மிட்சுபிஷி கார் தொழிற்சாலை மீது 1996இல் ஆணையம் பாலியல் தொல்லை வழக்குத் தொடுத்தது. இம்முறை வழக்கு நின்றது நூற்றுக்கணக்கான பெண்களின் வாக்குமூலத்தின் மேல்: இன்ன இடத்தில், இன்னவர் இப்படிச் சொன்னார், இப்படித் தொட்டார். 1998இல் 3.4 கோடி டாலருக்கு நிறுவனம் இறங்கி வந்தது. நார்மல் தொழிற்சாலைப் பெண்களுக்குத் தங்களுக்கு நடந்தது என்ன என்று தெரியும். சியர்ஸில் துண்டு மடித்து அடுக்கிய பெண்ணுக்கு, தான் விண்ணப்பித்த வாரத்தில் குளிர்சாதனப் பெட்டிப் பிரிவில் இடம் காலியாக இருந்ததா என்பதே தெரியாது.